அந்தச் சுத்தமான சோதனைச் செய்தியைத் தூக்கிப் போடுங்கள்

மருத்துவத் தகவல் பரிமாற்றத்தின் பழைய தரமான எச்எல்7 வி2 செய்திகளைப் புதிய தரமான ஃபயர் ஆர்4-க்கு மாற்ற எந்த மேப்பிங் மொழி (எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்ற விதிகளை, அதாவது மேப்பை, எழுதும் மொழி) என்று தேர்வு செய்யும் மருத்துவமனைத் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். இத்தகைய குழுக்களின் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். வேகம் எவ்வளவு, எத்தனை வரி, கற்க எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சோதனைக்கு எடுத்த செய்தியில் எல்லாப் புலமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். எந்த லேபிலிருந்தும் எனக்கு அப்படியொரு செய்தி வந்ததில்லை.

நோயாளியின் தொலைபேசி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வி2-வில் அந்தப் புலம் காலியாக வந்தால், இருப்பதை அப்படியே விட்டுவை என்று பொருள். அங்கே "" என்று வந்தால், இருந்ததை அழித்துவிடு என்று பொருள். ஒன்றும் சொல்லாமல் இருப்பது வேறு, இல்லை என்று சொல்வது வேறு. உரை வார்ப்புரு மொழியான லிக்விட்டில் எழுதினால், இல்லாத மதிப்பு சத்தமே இல்லாமல் வெறுமையாக அச்சாகிவிடும். ஃபயர் மேப்பிங் மொழிக்கு இரு பக்கத்துக் கட்டமைப்பும் தெரியும். ஆனாலும் இந்த வேறுபாட்டை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். எந்த மொழியில் அதை எழுத மறந்தால் சட்டென்று தெரியும் என்பதுதான் என் கேள்வி.

பிறந்த தேதி 1982 என்று வருடம் மட்டும் வரலாம். ஃபயர் அதை அப்படியே ஏற்கும். அவசரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் அதை 1982-01-01 ஆக்கிவிடும். நம் பதிவேடுகளில் ஜனவரி 1-இல் பிறந்தவர்களுக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. மேப்பும் தன் பங்குக்குச் சிலரைப் பெற்றுப்போட வேண்டுமா?

இவற்றையெல்லாம் விட என்னைப் பயமுறுத்துவது பரிசோதனை முடிவின் நிலையைச் சொல்லும் ஓபிஎக்ஸ்-11 என்ற வி2 புலம். அதில் 'டபிள்யூ' வந்தால், முன்பு அனுப்பிய முடிவு தவறு, உதாரணமாகத் தவறான நோயாளியின் பெயரில் போய்விட்டது என்று பொருள். ஃபயரில் அது 'தவறாகப் பதிவானது' என்ற நிலைக்குப் போக வேண்டும். தெரியாத குறியீடு எதுவானாலும் 'இறுதி' என்று போட்டுவிடும் மேப்பில், வேறொருவரின் ரத்தச் சர்க்கரை இவருக்கு உறுதியாகிவிடும். எந்தக் குறியீடு எந்த நிலைக்குப் போகும் என்ற இணைப்பு, ஃபயரின் கான்செப்ட்மேப் என்ற பட்டியலாகத் தனியே இருந்தால் லேப் பொறுப்பாளரே படித்துப் பார்த்து விரல் வைத்துக் காட்டுவார். நிரலின் நடுவே நிபந்தனைகளாகப் புதைந்து கிடந்தால் அவரால் முடியாது. அப்படித் தனியே வைக்க இடம் தருவதாலேயே நான் ஃபயர் மேப்பிங் மொழியின் பக்கம் சாய்கிறேன். அதை ஓட்டும் கருவிகள் குறைவு, பிழை தேடுவது தலைவலி என்பதை மறைக்கவில்லை. எக்ஸ்எம்எல் கோப்புகளை மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1999 முதல் இருக்கிறது, கருவிகளும் ஏராளம். லேப்காரர் மட்டும் அதைப் படிக்கமாட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். எந்த மொழி என்று சொல்லாமல் மேப் கோப்பை மட்டும் அவர் முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
இணைப்பு வேலை பார்க்கும் ஒருவன்