பெரியம்மாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

பெரியம்மா நல்லபடியாக ஈரோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். நேற்றுக் காலையில் தானே எழுந்து காபி போட்டுக் குடித்தார்கள். சிங்கப்பூருக்குப் பக்கத்தில், இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டூலோஸ் கப்பல் சென்னைக்கு வந்தபோது பார்க்க முடியாமல் போனது பெரியம்மாவுக்குத் தீராத குறை. 1914-இல் கட்டிய கப்பல். 2009 வரை நாடு நாடாகப் புத்தகமும் சுவிசேஷமும் கொண்டுபோனது. இப்போது பிந்தான் கரையில் தரைமேல் நிறுத்தி ஓட்டலாக்கியிருக்கிறார்கள். இந்த வயதில் எதற்கு என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் சபையார் கூட்டிப்போனீர்கள். இரும்புத் தகடுகளில் வரிசையாக இருக்கும் ரிவெட்டுகளைத் தடவிக்கொண்டே நடந்தார்களே, அந்த முகத்தைப் பார்த்தது எனக்குப் போதும்.

அப்புறம் அந்த ராத்திரி. கப்பலில் அறை சுத்தம் செய்யும் பெண், முக்காடு போட்ட சின்னப் பிள்ளை, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள், எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் பாட்டிலை எடுத்தாள். நம் ஊட்டித் தைலம் மாதிரியே வாசம். உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து, சில்லிட்டுக் கிடந்த பெரியம்மாவின் பாதத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு விரல் விரலாக நீவிவிட்டாள். பெரியம்மா தமிழில் புலம்பப் புலம்ப, அவள் தன் பாஷையில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் பணம் கொடுத்தேன். என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, பாட்டிலையும் தலைமாட்டில் வைத்துவிட்டு, நேரே வேலைக்குப் போய்விட்டாள். பெரியம்மா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள சாப்டுச்சா கண்ணு?"

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு உடன் தங்கியவர்கள், சிங்கப்பூரில் வீட்டைத் திறந்துவிட்ட தமிழ்க் குடும்பம், அங்கே பார்த்த டாக்டர்கள், ஊரில் முழங்காலில் நின்ற ஆயரும் சபையாரும், கோவை ஏர்போர்ட்டுக்கு நடுராத்திரி கார் கொண்டுவந்த தம்பிமார், யாரையும் மறக்கமாட்டோம்.

பெருந்துறை அரசு ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல், துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகளைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். இனி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்க, சேர்ந்தே போகலாம்.