காசியில ஆளே காணோம்னு கேட்டிருந்தீங்களே, அதுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஓவிய ஏலம் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல ஓவியர் ராம்குமாரோட காசி படம் ஒண்ணு, தபால் தலை சைஸ்ல, அதுவும் கருப்பு வெள்ளைல, கீழ எத்தன கோடிக்குப் போச்சுங்கறது மட்டும் கொட்ட எழுத்துல. கட்டுரை எழுதினவரு காசின்னு சொல்றாங்க ஆனா ஒரு ஆளக்கூட காணோமேன்னு கிண்டல் வேற. படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு காபி ஆறிப்போச்சு சார்.

நான் ஓவியம் படிச்சவன் இல்ல, பேங்க்ல 34 வருஷம் குப்ப கொட்டி ரிடையர் ஆனவன். ராம்குமாரும் பேங்க்ல இருந்தவர்தான், அதனாலயே எனக்கு அவர் மேல ஒரு இது. 1924ல சிம்லாவுல பொறந்து டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ்ல எகனாமிக்ஸ் எம்.ஏ. முடிச்சவரு, சாயங்காலம் சாரதா உகில் ஓவியப் பள்ளிக்குப் போய் சைலோஸ் முகர்ஜிகிட்ட கத்துக்கிட்டு, 1948ல பேங்க் வேலையத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்து பாரீஸ் போய் ஆந்த்ரே லோத், ஃபெர்னான் லெஜேன்னு ரெண்டு பெரிய ஓவியர்கள்கிட்ட கத்துக்க உக்காந்துட்டாரு. அந்தக் காலத்துல பேங்க் வேலைய விடறதுன்னா வீட்டுல என்ன பாடு பட்டிருப்பாரோ, எங்கப்பா கிட்ட நான் அப்படி ஒரு பேச்ச எடுத்திருந்தா செருப்பு பிஞ்சிருக்கும். தம்பி யாருன்னா ஞானபீடம் வாங்கின ஹிந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மா. இவரும் ஹிந்தில கதை எழுதினவரு. உங்க கட்டுரைல இது எதுவும் இல்ல.

முக்கியமான விஷயம், இவருக்கு ஆள் வரையத் தெரியாம இல்ல. 50கள்ல இவர் வரஞ்சதெல்லாம் ஆளுங்கதான். கோட்டு போட்டு, கன்னம் ஒட்டி, வேல கிடைக்காம நிக்கற பசங்க, பின்னாடி நெருக்கியடிச்ச டவுன் வீடுங்க, ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு கிடையாது. நம்ம பேங்க் கவுண்டர்ல டிடி எடுக்க வரிசைல நின்ன அப்ளிகேஷன் பசங்க மூஞ்சி அப்படியே. 1960ல ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் இவரும் சேந்து காசிக்குப் போறாங்க. போய்ட்டு வந்ததுக்கு அப்பறம் இவர் படத்துலேர்ந்து ஆளுங்க ஒவ்வொருத்தரா காணாமப் போய்ட்டாங்க, அதுக்கு மேல நிலக்காட்சிதான். அவ்வளவு கூட்டம் இருக்கற ஊருக்குப் போய்ட்டு வந்து ஒரு மனுஷன் ஆள் வரையறத விட்டுட்டாருன்னா அங்க என்னத்த பாத்தாருன்னு கேக்கணுமா இல்லையா, நீங்க கேட்டது ஆளு எங்கன்னு.

2011 ஐப்பசில எங்கப்பா அஸ்தியோட நான் காசிக்குப் போனேன். அனுமான் காட்ங்கற படித்துறைல நம்ம தமிழ் பேசற சாஸ்திரிகள்தான் எல்லாம் பண்ணி வச்சாரு. அப்பதான் வெள்ளம் வடிஞ்சிருந்துச்சு, படிக்கட்டு மேல இடுப்பளவுக்கு வண்டல், மோட்டார் போட்டு தண்ணியப் பீச்சி தள்ளிக்கிட்டு இருந்தாங்க. படகுல போகையில செவுத்தப் பாத்தேன், வெள்ளம் எதுவரைக்கும் ஏறிச்சோ அங்க ஒரு கோடு, அதுக்குக் கீழ முழுக்க ஒரே நிறம், சாம்பலும் இல்லாம பழுப்பும் இல்லாம, காஞ்ச களிமண் மாதிரி. மேல ஒண்ணு மேல ஒண்ணா வீடு, ஜன்னலெல்லாம் கருப்பு ஓட்டை. கரையில ஆயிரம் பேர் இருந்திருப்பாங்க, எனக்கு ஒரு மூஞ்சி கூட ஞாபகம் இல்ல சார், சத்தியமா. அஸ்திய விட்ட கை ஈரம் ஞாபகம் இருக்கு, அந்தச் செவுத்துக் கலர் ஞாபகம் இருக்கு, அவ்ளோதான்.

அதுக்கப்பறம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு டெல்லில பொண்ணு வீட்டுக்குப் போனப்ப ஜெய்ப்பூர் ஹவுஸ்ல இருக்கற நேஷனல் கேலரிக்கு பேரன கூட்டிக்கிட்டுப் போனேன், ஏசில கொஞ்ச நேரம் உக்காரலாம்னுதான். அங்க ராம்குமார் காசி. கிட்டப் போய்ப் பாத்தா பெயின்ட்ட கத்தியால இழுத்து வழிச்சு விட்ட தடம் அப்படியே தெரியுது, கொத்தனார் கரண்டி போட்ட மாதிரி, ஒரு கட்டத்துல அடில இருக்கற பழுப்பு மேல இருக்கற வெள்ளையக் கிழிச்சுக்கிட்டு வருது. நாலடி பின்னாடி வந்தேன், அதே வண்டல், வெள்ளம் ஏறின அதே கோடு. பேரன் தாத்தா ஏன் அழுவுறன்னு கேக்கறான், என்னத்த சொல்றது, ஏசி கண்ணுல படுதுடான்னேன். அன்னிக்கு அந்தப் படத்துல ஆளுங்க இருந்திருந்தா நான் அவங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்னு நெனைக்கறேன்.

பிற்காலத்துல அவர் படங்கள்ல மஞ்ச, நீலம், பச்சைன்னு கலரெல்லாம் வந்துச்சு, வீடு ஜன்னல் கூட போயி வெறும் நெலமும் ஆகாசமும் ஆச்சு. அதெல்லாம் எனக்கு அந்த அளவு ஒட்டல, ஒத்துக்கறேன். பத்மஸ்ரீ 1972ல, பத்மபூஷண் 2010ல, 93 வயசு வரைக்கும் இருந்து 2018 ஏப்ரல்ல டெல்லில காலமானாரு. அப்ப உங்க பேப்பர்ல நாலு வரி வந்துச்சு, நான் வெட்டி வச்சிருக்கேன், அதுலயும் பாதி விலைதான்.

எங்க கும்பகோணத்துல கவர்மென்ட் ஓவியக் கல்லூரி இருக்கு, அந்தப் பசங்க நகத்துல பெயின்ட்டோட ஸ்காலர்ஷிப் செக் போட எங்க பிராஞ்ச்சுக்கு வருவாங்க. அவங்களும் உங்க பேப்பர் படிக்கறவங்கதான். ஒரு ஞாயித்துக்கிழமை அந்தக் காசி படத்த அரைப் பக்கத்துக்கு கலர்ல போடுங்க சார். விலைய வேணும்னா ஓரத்துல பொடி எழுத்துல போட்டுக்கோங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்