லேப் அக்காவுக்கும், எங்கள் பாப்பாவைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாகப் பால் குடிக்கிறாள், கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள், கழுத்து பழையபடி நிற்கிறது. பிறவி நோய் உள்ள அவளுக்குக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் ஏறி, ஐ.சி.யு. வரை போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த நாட்களில் போன் போட்டு விசாரித்தவர்களும் ஐ.சி.யு. வாசலில் வந்து நின்றவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அதனால் அதை மறுபடி விவரிக்கவில்லை. விவரிக்கிற தெம்பும் இப்போது எனக்கு இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் லியூசின் 200-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பனியன் கம்பெனியில் துணி லேபில் இருக்கும் அக்கா அவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் யூனிட்டில் எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வெளியூரில் இருப்பவர்களுக்காக அந்த லேப் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் துணி வாங்குகிறவன் முதலில் கேட்பது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை. வட்டக் கட்டர் ஒன்று இருக்கும், அதைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி வரும். அதைச் சின்னத் தராசில் வைப்பார்கள். 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். அந்தத் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். கொஞ்சம் பிசகினாலும் மொத்த லாட்டும் திரும்பி வரும். லேப் அக்கா பல வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவர். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அவருடைய ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு மறு கேள்வி கேட்காமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு இருப்பது மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். சுருக்கமாக எம்.எஸ்.யு.டி. என்பார்கள். புரதத்தில் இருக்கும் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கிற நொதி அவள் உடம்பில் சரியாக வேலை செய்யாது. உடையாத லியூசின் ரத்தத்தில் ஏறினால் மூளை வீங்கும். அதனால் இந்த மூன்றும் இல்லாத பால்பவுடர்தான் அவளுடைய முக்கியச் சாப்பாடு. தாய்ப்பாலும் சோறும் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு ஸ்பூன் போகக்கூடாது. ஆனால் மற்ற இரண்டும் ரொம்பவும் குறைந்துவிட்டாலும் உடம்பு வளராது, லியூசினும் இறங்காது. அதனால் வாலினையும் ஐசோலியூசினையும் தனித்தனியாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் வாலின், அப்போதுதான் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். இந்த 1 கிராம்தான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில், சாப்பாட்டு நேரத்தில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன கண்ணு, இத்தனை புள்ளி வெச்ச கணக்கு?" என்றார். சொன்னேன். அதற்கு முன்னால் யாரிடம் சொன்னாலும் "ஐயோ பாவம்" என்பார்கள், அல்லது கோயில் பெயர் ஒன்று சொல்வார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். அக்கா கேட்டது வேறு. "எத்தனை வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம்?"

அந்தக் கேள்வியை டாக்டர்களைத் தவிர வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வீட்டுத் தராசை எடுத்து வரச் சொன்னார். சமையலறையில் வைக்கிற சாதாரணத் தராசு. லேபில் இருந்த 1 கிராம் எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து அதன்மேல் வைத்தார். 0 காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், 1 காட்டியது. மூன்றாவது முறை 2. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தராசைத் துடைத்து என் பையிலேயே வைத்துவிட்டு, "இது அரிசி அளக்கறதுக்குச் சரி கண்ணு. பாப்பாவுக்கு ஆகாது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் அவருக்குக் கிடைக்கிற ஒரே லீவில், என்னைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு தராசுக் கடைக்கு வந்தார். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றிலும் தன் கையோடு கொண்டுவந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். முதலில் காட்டியதையெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில் ஒன்று அமைந்தது. வீட்டுக்கும் வந்தார். மேஜை ஆடுகிறது என்று சொல்லி, அம்மிக்குப் பக்கத்தில் இருந்த கடப்பாக்கல் மேடையில் தராசை வைத்தார். நீர்மட்டக் குமிழி வட்டத்துக்கு நடுவில் வந்து நிற்கும்வரை அதன் காலைத் திருகினார். ஃபேனை அணைக்கச் சொன்னார். காற்றுப் பட்டாலே எண்கள் ஆடுவதைக் காட்டினார். பவுடரைப் பட்டர் பேப்பரில் கொட்டி நிறுத்து, திருநீற்றுப் பொட்டலம் மாதிரி மடிக்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தாலே நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருப்பேன். ஆனால் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொண்டுவந்தார். தேதி, எடைக்கல், காட்டியது, வித்தியாசம், கையெழுத்து. அவருடைய லேப் ரிஜிஸ்டர் எப்படி இருக்குமோ அப்படியே. திங்கட்கிழமை தோறும் தராசைப் பையில் வைத்துக் கொண்டுபோவேன். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் அவர் 1 கிராம், 2 கிராம், 5 கிராம் கல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவார். அவருக்கு லீவு என்றால் இரண்டாம் ஷிப்ட் தம்பியிடம் சொல்லி வைத்துவிட்டுப் போவார். ஏற்றுமதி அவசரத்தில் கம்பெனியே இராத்திரி பகலாக ஓடிய வாரங்களிலும் ஒரு திங்கட்கிழமையும் விட்டுப்போகவில்லை.

இந்த முறை ஐ.சி.யு.வில் பாப்பாவைச் சேர்த்ததும் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். லியூசின் இப்படி ஏறியிருக்கிறது, காய்ச்சலால் ஏறியதா, கொடுத்த அளவில் ஏதாவது பிசகா? வாலின் யார் கலக்குகிறீர்கள், எந்தத் தராசு, எப்போது சரிபார்த்தீர்கள்? அந்த நேரத்தில் எனக்கு வாயே எழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது யார் எழுதினது?" என்றார். எங்கள் பனியன் கம்பெனி லேப் அக்கா என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிம்மா, அளவில் எந்தத் தப்பும் இல்லை, காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்துப் பாப்பாவின் ஃபைலில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த நோய் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு தன் தசையைத் தானே கரைக்கும். அந்தப் புரதத்திலிருந்தே லியூசின் வெள்ளமாக வரும். வெளியிலிருந்து ஒரு துளி கூடுதலாகக் கொடுக்காவிட்டாலும் ஏறும். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு, தெரிந்திருப்பது மட்டும் போதாது. குழந்தைக்கு எது வந்தாலும் "நான் வீட்டில் இருந்திருந்தால்" என்று மனசு தொடங்கிவிடும். சுற்றி இருப்பவர்களும் தொடங்கிவிடுவார்கள். அந்த இரவு என்னை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றியது அக்காவின் கையெழுத்துதான். குழந்தையை விட்டு என்னைப் பிரித்து வைக்கிற இடம் என்று மனசுக்குள் நான் குறைப்பட்டுக்கொண்ட அதே கம்பெனியில்தான் அந்தக் கையெழுத்து எனக்குக் கிடைத்தது. அக்கா, உங்களிடம் நேரில் சொல்ல வந்தால் "போ கண்ணு, வேலையப் பாரு" என்று விரட்டிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் குளுக்கோஸ் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற சிஸ்டர்கள், ரிசல்ட்டை விடியும்வரை வைத்திருக்காமல் போனில் சொன்ன ஆஸ்பத்திரி லேப்காரர்கள், எந்தப் பொழுதில் கூப்பிட்டாலும் எடுத்த டயட்டீஷியன் மேடம், 108 வண்டியை அவினாசி ரோட்டில் அவ்வளவு நிதானமாக ஓட்டிய அண்ணன். "போய்ட்டு வாம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று லீவு லெட்டர்கூடக் கேட்காமல் அனுப்பிய சூப்பர்வைசர் சார், என் டேபிள் வேலையைப் பிரித்துச் செய்த லைன் பெண்கள். கம்பெனிக் காப்பகத்து ஆயாம்மா, மற்றக் குழந்தைகள் பிஸ்கட் தின்கிறபோது என் மகளுக்கு மட்டும் ஜவ்வரிசிக் கூழை ஊட்டிக்கொண்டு, ஒரு துணுக்குக்கூடக் கொடுக்காமல் காத்தவர். 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்தச் சிறப்புப் பால்பவுடருக்கும் உதவி உண்டு என்று சொல்லி, படிவத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த வாட்ஸாப் குழுப் பெற்றோர்கள். வீட்டுக்காரம்மா. என் அம்மா. உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல ஆசை, அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை. இந்த நோயைப் பற்றி முதன்முதலில் 1954-இல் அமெரிக்காவில் மென்கிஸ் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். அவர்கள் எழுதியது ஒரே வீட்டில் பிறந்து, மூன்று மாதம்கூட நிறையாமல் இறந்துபோன நான்கு குழந்தைகளைப் பற்றி. அந்தப் பெற்றோர் யார் என்று எனக்குத் தெரியாது. நான்கு முறை அதைத் தாங்கியவர்கள், தங்கள் வீட்டுத் துயரம் மருத்துவப் புத்தகத்தில் ஏறக் காரணமானார்கள். பத்து வருஷத்தில், 1964-இல், சாப்பாட்டை மாற்றினால் பிழைக்க வைக்க முடியும் என்று செல்மா ஸ்னைடர்மன் என்ற டாக்டர் காட்டினார். அப்புறம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் விவசாயக் குடும்பங்கள். சில நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிற சமூகம் அது. ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர் 1989-இல் அவர்கள் நடுவிலேயே போய் ஒரு கிளினிக் தொடங்கினார். கட்டடத்தை அந்த ஊர் மென்னனைட் மக்களும், அவர்களைப் போன்ற ஆமிஷ் பிரிவினருமே தச்சு வேலை செய்து எழுப்பிக் கொடுத்தார்களாம். காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது, எதை நிறுத்துவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று உலகம் கற்றுக்கொண்டதில் அந்தக் குழந்தைகளின் பங்கு பெரியது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காய்ச்சல் கால அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அதனால் நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பாப்பாவின் ரத்தமும் எங்கள் இருவரின் ரத்தமும் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டால் தருவோம், ஒப்புதல் சொல்லிவிட்டோம். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமக்கிறோம், இரண்டும் சேர்ந்து அவளுக்கு வந்துவிட்டது. இதில் யார் குற்றமும் இல்லை, எந்தச் சாபமும் இல்லை. இதை வெளியில் சொல்ல எங்களுக்கு வெட்கமும் இல்லை.

இன்னொன்று. சட்டம் பேறுகாலத்துக்கு 26 வாரம் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும் என்கிறது. ஆனால் இப்படிப்பட்ட நோயோடு பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கென்று எங்களைப் போன்ற தனியார் கம்பெனிப் பெண்களுக்கு அதில் தனி விடுப்பு கிடையாது. ஒருவருடைய நல்ல மனசை நம்பித்தான் ஓடுகிறோம். என் சூப்பர்வைசர் நல்லவராக இருந்தார், எல்லோருக்கும் அப்படி அமையுமா? கம்பெனிக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். கேட்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கம்பெனியில் மாசமாக இருக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஊசி குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் ஊறவைத்து எடுக்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது. இந்த நோயை, இன்னும் பல நோய்களை, குழந்தை சுருண்டு விழுவதற்கு முன்பே அது சொல்லிவிடும். எல்லா ஆஸ்பத்திரியிலும் தாங்களாகவே எடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். எங்கே எடுக்கிறார்கள், என்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் பக்கம்தான் இருப்பேன், வந்து கேளுங்கள்.