பணம் எந்தக் கட்டத்துக்குப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்காகப் பல்கலைக்கழகம், தொழில் நிறுவனம், அரசு மூன்றையும் வட்டார அளவில் சேர்த்து நிதி கொடுப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 1969-இல் அமெரிக்காவில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் என்ற கணினி வலையமைப்பு பிறந்தது இப்படி மூன்றும் சேர்ந்துதான்: பணம் பாதுகாப்புத் துறையுடையது, கணினிகளை இணைக்கும் கருவியைச் செய்தது பிபிஎன் என்ற தனியார் நிறுவனம், முதலில் இணைந்த நான்கு இடங்களில் மூன்று பல்கலைக்கழகங்கள்.

சரி, பணம் எங்கே போக வேண்டும்? ஆய்வகத்தில் ஓடிய மாதிரியை வெயில், தூசி, அதிர்வு எல்லாம் தாங்கும் கருவியாக மாற்றும் இடைக்கட்டத்துக்கு. அதில் பேராசிரியருக்குப் பெரிதாக ஆய்வுக்கட்டுரை கிடைக்காது, சிறு நிறுவனத்துக்கு உடனே ஆர்டரும் வராது, அதனால் நல்ல யோசனைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. வருடா வருடம் புதுப்பிக்கும் நிதி இதற்குப் போதாது, ஐந்தாண்டுக்காவது உறுதி வேண்டும்.

அப்புறம், கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு, எது ரகசியம் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். முனைவர் பட்ட மாணவர் பல வருடம் உழைத்து முடித்த பிறகு 'வெளியிடாதே' என்பது பெரிய அநியாயம். சோதனைக் கூடங்களையாவது பொதுவில் கட்டித் திறந்துவிடுங்கள், ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனியாக அதிர்வுச் சோதனை இயந்திரம் வாங்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்