விடுதி மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வார்டன் ஐயாவுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் மெஸ் அண்ணன்களுக்கும் விடுதித் தம்பிகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

புது மாணவர் வரவேற்பு, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், பொங்கல், விடுதி நாள் எல்லாம் வழக்கம்போல நடந்தன. கேரலில் பாடியவர்களைவிட கேக்குக்கு வந்தவர்கள் அதிகம் என்பதையும் பதிவு செய்கிறேன். மற்றபடி இந்த ஆண்டு சங்கக் கூட்டங்களில் அதிகம் அடிபட்டது முட்டைதான்.

நமது மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைச் சாப்பிட்ட நாள்களால் வகுத்து பில் போடுவார்கள். கபடி, வாலிபால் ஆட்கள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய்த் திரும்பும்போது இட்லி தீர்ந்திருக்கும், சாம்பார் வாளியின் அடியில் முருங்கைக்காய்ச் சக்கைதான் கிடக்கும். டிபனை எடுத்து வைக்க வேண்டும், ஆளுக்கு 2 அவித்த முட்டையும் வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். "நீ ஓடுறதுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கேள்வி நியாயமானதுதான். ஆனால் போட்டியன்று தொண்டை கட்டும்வரை கத்தியதும் அதே குரல்தான். கடைசியில் டிபன் எடுத்து வைப்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். முட்டைச் செலவு தனி நோட்டுக்குப் போனது: பாதி சங்கம், பாதி வீரர்கள். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம், மைதானத்தை எட்டியே பார்க்காத சிலர் ஷூ மாட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வியர்த்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன். வாலிபால் நெட்டை இந்த வருடம்தான் டேப் வைத்து அளந்தோம். ஆண்களுக்கு நடுவில் 2.43 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு ஓரமும் சமமாக, அதைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும். நமது நெட் நடுவில் நாலு விரல் தொங்கியது. இதில் ஸ்மாஷ் அடித்துப் பழகியவர்கள் வெளியூர் போய் நெட்டிலேயே அடித்துவிட்டு வந்ததில் ஆச்சரியமில்லை. கம்பத்தை நிமிர்த்தி, கம்பியை இறுக்கிக் கட்டினோம். அதற்காக ஒரு வாரம் எங்களுக்குத் திட்டு விழுந்தது.

பாஸ்கெட்பால் 1891-லும் வாலிபால் 1895-லும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் உண்டாக்கியவை என்று விடுதி நாளில் உடற்கல்வி ஐயா சொன்னார். 1920-ல் அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விப் பள்ளி தொடங்கிய கதையையும் சொன்னார். கூரைக்குள் ஆடப் பிறந்த ஆட்டங்களை நாம் மதுரைப் பங்குனி வெயிலில் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

சின்னக் கல்லூரி என்பதால் அணிக்கு ஆள் பிடிப்பது ரூம் ரூமாகக் கதவைத் தட்டும் வேலை. கபடிக்குக் களத்தில் 7, வெளியே 5 என்று 12 பேர் சேர்க்கவே நாக்குத் தள்ளியது. அதில் ஒரு தம்பி காலையில் 1500 மீட்டர் ஓடிவிட்டு, மத்தியானம் ரெய்டுக்குப் போனான். நமது மைதானத்தில் 400 மீட்டர் வட்டத்துக்கு இடமில்லை. ஓட்டக்காரர்கள் பஸ் பிடித்து ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் போகிறார்கள். திரும்பும்போது இரவு ஜெபம் முடிந்து ஸ்டடி அவர் தொடங்கிவிடுகிறது, ஆப்சென்ட்டும் விழுகிறது. அவர்களுக்கு அரை மணி நேரம் தள்ளுபடி தரும்படி வார்டன் ஐயாவைக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, ஐயா இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ஸ்டோர் ரூம் சாவியையும் முட்டை நோட்டையும் அடுத்த செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மூன்று பேர் பாக்கி. விடுதியைக் காலி செய்வதற்குள் வசூலித்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்