மாணவிகளின் தற்காப்புப் பயிற்சி கம்பு சுற்றுவதோடு நிற்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவ மாணவியர் பானை மேல் நின்றுகொண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டும், மணிக்கணக்கில் இடைவிடாமலும் சிலம்பம் சுற்றிச் சாதனை படைத்த செய்திகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பெண் குழந்தைகளிடம் தற்காப்பு விழிப்புணர்வை ஏற்படுத்துவதற்காகவே இந்நிகழ்ச்சி நடத்தப்பட்டதாக ஒரு வரியும் பெரும்பாலும் அச்செய்திகளில் இருக்கிறது. இக்கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியது. நடுவயதில் சிலம்பம் கற்கத் தொடங்கியவள் நான். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தபோது மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சி வகுப்புகளுக்குப் பொறுப்பாசிரியையாகவும் இருந்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். இவ்விரு அனுபவங்களையும் சேர்த்துப் பார்க்கையில், கலையைக் கற்பிப்பதும் ஒரு பெண் குழந்தையைத் தற்காத்துக்கொள்ளப் பழக்குவதும் ஒன்றல்ல என்பதையும், முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக நாம் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்லத் தோன்றுகிறது.

சிலம்பத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பகலில் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு, மாலையில் கண்மாய்க்கரைப் பொட்டலில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசானிடம் நான் பயின்றேன். வெற்றிலை பாக்குடன் பதினொரு ரூபாயை வைத்து வாங்கிக்கொண்டதோடு சரி. வேறு கட்டணம் அவர் கேட்டதில்லை. உடன் கற்றவர்களில் பலர் என் வகுப்பில் பின்னக் கணக்குப் போட்டுத் திட்டு வாங்கியவர்கள். அவர்களே பொட்டலில் 'டீச்சர், முன்னங்காலை மடக்குங்க' என்று எனக்குத் திருத்தம் சொன்னார்கள் (சொன்ன முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் கவனிக்காமல் இல்லை). கம்பைக் கையில் தருவதற்கு முன் வெறுங்கையோடு காலடி பழகுவதிலேயே வாரங்கள் போயின. பிறகு நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பு வந்தது; உள்ளங்கையில் கொப்புளமும், சொந்தக் கம்பே தன் காதிலும் முழங்காலிலும் விழும் அடியும் கூடவே வந்தன. உடலை நிமிர்த்தி நிறுத்துவதற்கும், மூச்சை ஒழுங்குபடுத்துவதற்கும், பள்ளியில் எட்டு வகுப்பு எடுத்துவிட்டு வந்த களைப்பை மறப்பதற்கும் அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் தற்காப்பு என்று சொல்லத்தக்க எதையாவது நான் கற்றேன் என்றால், அதைத் தனியாக வீச்சு, அதாவது கம்பைச் சுழற்றும் முறைகளைப் பழகிய நாள்களில் கற்கவில்லை. எதிரே ஓர் ஆளை நிறுத்தி, ஒருவர் உடலை மற்றவர் கம்பால் தொட முயலும் தொடுமுறைச் சண்டைக்கு விட்ட பிறகே கற்றேன். வீச்சில் எவ்வளவு தேறியிருந்தாலும், நம்மை அடிக்க வேண்டுமென்றே ஒருவர் நகர்ந்து வரும்போது கை ஒரு கணம் உறைந்துபோகிறது. அந்த உறைதலைக் குறைப்பதற்கு எதிராளியோடு மீண்டும் மீண்டும் பழகுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. தூரத்தின் அருமையும் அப்போதுதான் புரிகிறது: கம்புக்கு எட்டாத இடத்தில் நிற்பது, எட்டும் இடத்துக்குள் நுழைவது, கம்பே பயன்படாத அளவுக்கு எதிராளி நெருங்கிவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் தனியாகச் சுற்றுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. என் கம்பு எதிரே நின்ற பையனின் தோளில் பட்டதும், 'ஐயோ, பட்டுருச்சா?' என்று கேட்டுக்கொண்டே நான் கம்பைத் தாழ்த்திவிடுவேன். 'தாழ்த்தாதீங்கம்மா, அவன் அடுத்த அடியை எடுத்துட்டான்' என்பார் ஆசான். பேருந்தில் இடித்தவன் பேசாமல் நிற்க, இடிபட்டவள் 'பரவாயில்லை' என்று ஒதுங்கும் பழக்கத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அடித்த பிறகும் கம்பை உயர்த்திப் பிடித்து நிற்பதற்குக் காலடி கற்றதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது.

இந்த அனுபவத்தோடுதான் பள்ளிப் பயிற்சியைப் பார்த்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், ராணி லட்சுமிபாய் பெயரிலான தற்காப்புப் பயிற்சி, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவிகளுக்கு மூன்று மாத காலத்துக்கு அளிக்கப்படுகிறது. கராத்தே, சிலம்பம் போன்றவற்றைப் பயிற்றுநர்கள் வந்து கற்பிக்கிறார்கள். திட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. முன்பு உடற்கல்வி வகுப்பில் மரத்தடியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் இதனால் மைதானத்தில் இறங்கினார்கள். ஆனால் மூன்று மாதத்தில் எந்தக் கலையையும் கற்றுத் தேற முடியாது என்பது எந்த ஆசானுக்கும் தெரியும். எனவே நான் பார்த்த வகுப்புகளில் என்ன நடந்தது என்றால், வணக்கமும் நாலைந்து வீச்சும் கற்பிக்கப்பட்டு, ஆண்டு விழாவிலோ குடியரசு நாளிலோ அறுபது பிள்ளைகள் ஒரே தாளத்தில் சுற்றிக் காட்டுவதற்கான ஒத்திகையாக மீதி நாள்கள் கழிந்தன. கராத்தே என்றால் வரிசையாக நின்று காற்றில் குத்துவது. எதிரே ஆளை நிறுத்திப் பழக்கினால் அடிபடும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று தலைமையாசிரியர் அஞ்சுவார். அந்த அச்சத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். தனியார் வகுப்புகளின் நிலை வேறு விதம். அங்கே சில மாதங்களுக்கு ஒரு பெல்ட் தேர்வும், அதற்கொரு கட்டணமும், சான்றிதழும் உண்டு. எதிராளியோடு பழகுவது பல இடங்களில் அரிது.

காட்சிக்கு இவ்வளவு முதன்மை வந்ததற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். பாளையக்காரர் போர் முடிந்து மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801 ஆம் ஆண்டில், கம்பெனி அரசு தென் தமிழ்நாட்டில் ஆயுதங்கள் வைத்திருக்கத் தடை விதித்தது. அதற்குப் பின் கம்பு, போர்க்களத்தை விட்டுப் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே அதைக் காப்பாற்றியது பார்வையாளர்களின் கைதட்டல்தான். அலங்கார வீச்சு வளர்ந்ததும், சண்டை முறைகள் சில குடும்பங்களோடு சுருங்கியதும் அந்தச் சூழலின் விளைவு என்பது என் கருத்து. இன்று நிலைமை மாறிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. விளையாட்டாக அது மேலும் வளர வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால், விளையாட்டுக்கு வேண்டிய பயிற்சியை வைத்துக்கொண்டு ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் 'உன்னைக் காத்துக்கொள்ள இது போதும்' என்று சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஏனென்றால் ஐந்தடிக் கம்பை எடுத்துக்கொண்டு யாரும் டியூஷனுக்குப் போவதில்லை. அதைவிட முக்கியமானது, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பது ஆண்டுதோறும் தொடர்கிறது: உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், வேலை தருபவர், காதலிப்பதாகச் சொன்னவர். நம் வகுப்புகளோ இருட்டுச் சந்தில் முகம் தெரியாத ஒருவன் பாய்ந்து வருவதாக வைத்துக்கொண்டு நடக்கின்றன. அவன் பாய்ந்தால் மூக்கில் குத்தச் சொல்லலாம். மாமா என்றோ அண்ணன் என்றோ அழைத்துப் பழகிய ஒருவர், வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே தோளில் வைத்த கையை எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று எந்த வீச்சிலும் பாடம் இல்லை. அங்கே தேவைப்படுவது, எல்லோர் முன்னிலையிலும் 'கையை எடுங்க' என்று சொல்லும் குரலும், மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் கடிந்துகொண்டாலும் அந்தக் குரலைத் தாழ்த்தாமல் இருக்கும் துணிவும். என் தோழியர் சிலரிடம் சொன்னபோது, இதற்கெல்லாம் வகுப்பு எடுக்க முடியுமா என்று சிரித்தார்கள்.

எடுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு படித்த 893 மாணவியரிடம் நடத்தப்பட்டு, 2015 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றை ஆர்வமுள்ளோர் தேடிப் படிக்கலாம். ஒரு பகுதியினருக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளாகப் பயிற்சி தரப்பட்டது. மற்றவர்களுக்குத் துண்டறிக்கைகள் மட்டும். தெரிந்த ஆண்களிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, அவர்களை எதிர்க்கத் தடையாக நிற்கும் தயக்கத்தை எப்படிக் கடப்பது, சொல்லாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது என்பவையே அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் பாடம். ஓராண்டுக்குப் பின், துண்டறிக்கை பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தனர். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 விழுக்காடு. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கைமுறைகளுக்காகவே செலவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கனடாவின் கல்லூரிப் பெண்ணும் நம் ஊர் எட்டாம் வகுப்புச் சிறுமியும் ஒன்றல்லர், அந்த எண்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதைக் கணக்கு வாத்தியாராக நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாடத்தின் அமைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எதிர்க்க முடியாமல் போன பெண்ணிடம், 'கற்றுக்கொண்டாயே, ஏன் அடிக்கவில்லை?' என்று கேட்கும் உரிமை எந்தப் பயிற்சியாலும் நமக்கு வந்துவிடாது. உறைந்துபோவது உடலின் இயல்பு என்பதைப் பயிற்சியின் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் வகுப்பில் யாரும் பேசுவதில்லை. 'நாங்க திருப்பி அடிச்சா எங்க மேலயே கேஸ் வருமா, டீச்சர்?' என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் பலர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. முன்பு இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளாக இருந்தன. தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யும் செயல் குற்றமாகாது. காவல் துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இவ்வுரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு விளைவிக்கவும் கூடாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சத்தக்க தாக்குதல், வன்புணர்வு நோக்கிலான தாக்குதல், கடத்தல் நோக்கிலான தாக்குதல், அமில வீச்சு போன்றவற்றில், தாக்கியவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட இவ்வுரிமை நீளும் என்கிறது 38 ஆம் பிரிவு. உயிருக்கு அஞ்சி நிற்பவர் தம் எதிர்ப்பைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. இதை ஒரே வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். அந்த ஒரு வகுப்பு, காவல் நிலையம் என்றாலே நடுங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய பலம்.

பயிற்றுநர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பெரும்பாலோர் என் ஆசானைப் போன்ற கண்ணியமானவர்கள். ஆயினும் 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலியாக நடத்தப்பட்ட தேசிய மாணவர் படை முகாமில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானது நாமெல்லாம் அறிந்ததுதான். காக்கக் கற்றுத்தருவதாக வருகிறவருக்குப் பிள்ளைகளின் உடலைத் தொட்டுத் திருத்தும் அனுமதியும், குரு என்ற மரியாதையும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆகவே பயிற்றுநரின் பின்னணியைக் காவல் துறை மூலம் சரிபார்ப்பதும், பயிற்சி நேரம் முழுவதும் ஓர் ஆசிரியை மைதானத்தில் இருப்பதும், வெளியூர்ப் போட்டிகளுக்குப் பெண் துணையின்றி அனுப்பாமல் இருப்பதும் கட்டாயமாக வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்று மறைப்பது தண்டனைக்குரியது. 'வாத்தியாராக இருந்தாலும் தப்பாகத் தொட்டால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்' என்பதை அந்த வாத்தியாரின் எதிரிலேயே பிள்ளைகளிடம் சொல்லக்கூடியதாகப் பயிற்சி இருக்க வேண்டும். நல்ல ஆசான் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்வித் துறையிடம் நான் வேண்டுவது பெரிதாக எதுவும் இல்லை. மூன்று மாதப் பயிற்சியில் கலைக்கு எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும். குரல் கொடுப்பதற்கும், தெரிந்தவரை எதிர்ப்பதை நடித்துப் பழகுவதற்கும், மணிக்கட்டையோ முடியையோ பிடித்தால் விடுவித்துக்கொண்டு ஓடுவதற்கும், சட்டத்துக்கும் புகாருக்குமாகப் பன்னிரண்டு மணி நேரத்தை அதிலிருந்து ஒதுக்கித் தர வேண்டும். சிலம்ப ஆசான்களுக்கு இதைத் தனியே பயிற்றுவிக்கலாம், அல்லது இந்தப் பகுதியை மட்டும் பள்ளியின் ஆசிரியைகளிடமே விடலாம். ஆசான்களுக்குரிய ஊதியம் காலத்தில் போய்ச் சேர வேண்டும். கூலி வேலையை விட்டு வருகிறவர்களை மாதக்கணக்கில் காக்கவைப்பது முறையன்று. பயிற்சியைப் பொதுத்தேர்வும் செய்முறைத் தேர்வும் நெருக்கும் மாதங்களுக்குத் தள்ளாமல், ஜூலையிலேயே தொடங்கினால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் விடுபடாமல் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.