சின்னக் கப்பலில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றிப் பின்னால் விவரமாகவே சொல்கிறேன், நீங்கள் போகிற இடத்தில் முழங்காலுக்கு நிறைய வேலை இருக்கிறது.

அண்டார்டிகாவுக்குப் பணம் கட்டிய கையோடு பத்துப் பக்கத்துக்கு விதிமுறை வந்து விழுந்ததில் உனக்கு எரிச்சல். இத்தனை காசு கொடுத்துவிட்டு ஹாஸ்டல் வார்டனிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறாய். அந்தப் பக்கங்களில் 'செய்', 'செய்யாதே' மட்டும்தான் இருக்கும், ஏன் என்று இருக்காது. அந்த 'ஏன்' தெரிந்துவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

முதலில் எண்ணிக்கை. 1991-இல் இந்தக் கப்பல் கம்பெனிகளே சேர்ந்து ஐயாட்டோ என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் ஆளையே இறக்கக் கூடாது, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சின்னக் கப்பலுக்கு இவ்வளவு விலை இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நூறு பேருக்குள் இருந்தால் எல்லாரும் ஒன்றாக இறங்கலாம். 190 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒன்றேகால் மணி நேரம் போல ஆனதும் மாற்றிக்கொள்வார்கள். உன் கப்பலில் எத்தனை படுக்கை என்று எனக்கு எழுது. சொகுசு அறை, மசாஜ் எல்லாம் அப்புறம், முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்தான்.

அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் சாயங்காலம் ஏறுவீர்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே அபாயப் பயிற்சி நடக்கும். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு. அது கேட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு குறிப்பிட்ட கூடத்துக்கு வந்துவிட வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதே. 2007 நவம்பர் 23 அன்று எக்ஸ்ப்ளோரர் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுப் பக்கம் ராத்திரியில் பனிக்கட்டியில் இடித்து ஓட்டையாகி மூழ்கிப்போனது. இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே 1969-இல் கட்டிய கப்பல் அது. அதிலிருந்த 154 பேரும் மணிக்கணக்கில் திறந்த படகுகளில் கிடந்தார்கள். நோர்ட்நோர்கே என்ற நார்வே கப்பல் வந்து எல்லாரையும் உயிரோடு ஏற்றிக்கொண்டது. கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்ததும், பக்கத்தில் வேறு கப்பல் இருந்ததும் அவர்கள் அதிர்ஷ்டம்.

பெரிய பனிமலை ரேடாரில் பளிச்சென்று தெரியும், அதனால் ஆபத்துக் குறைவு. தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர்கூடத் தெரியாத குரோலர் என்கிற கட்டிகள்தான் வம்பு. அலையின் எதிரொலியில் கலந்து ரேடாரில் மறைந்துவிடும். அதனால் இருட்டில் கப்பல் வேகத்தைக் குறைத்து, தேடுவிளக்குப் போட்டு, கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். ராத்திரி கப்பல் ஊர்வதாகத் தோன்றினால் அலுத்துக்கொள்ளாதே. அதே ராத்திரியில் கேபின் திரையை மூடச் சொல்லி ஒலிபெருக்கியில் கேட்கும். கடற்பறவைகள் வெளிச்சத்தைப் பார்த்து வந்து மோதித் தளத்தில் விழுந்துவிடும், இறகு நனைந்துவிட்டால் பறக்க முடியாது. அவற்றை அட்டைப்பெட்டியில் வைத்து, காய்ந்ததும் விட்டுவிடுவார்கள்.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் கடலைத் தாண்ட இரண்டு நாள் போல ஆகும். ஹார்ன் முனையிலிருந்து தெற்கு ஷெட்லாண்ட் தீவுகள் வரை சுமார் 800 கிலோமீட்டர். அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி வரும் காற்றையும் அலையையும் தடுக்க நிலமே இல்லை. கப்பலின் இரண்டு பக்கமும் ஆட்டத்தைக் குறைக்கத் துடுப்புகள் உண்டு, ஆனால் அவை கப்பல் ஓடும்போதுதான் வேலை செய்யும். பனிக்குள் நுழையும்போது உடையாமல் இருக்க உள்ளே இழுத்துவிடுவார்கள். சாப்பாட்டு மேஜை விரிப்பை லேசாக ஈரமாக்கி வைப்பார்கள், தட்டு வழுக்காது. நாற்காலியைத் தரையோடு சங்கிலியில் பூட்டியிருப்பார்கள். சமையலறையில் அடுப்பைச் சுற்றிக் கம்பி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் எதுவும் ஊற்றமாட்டார்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவு நிலையில் மட்டும் விரலை வைத்துவிடாதே. கப்பல் சாயும்போது அந்தக் கனமான கதவு தானாக அறைந்து சாத்தும், விரல் நசுங்குவது அப்படித்தான்.

குமட்டலுக்கு மாத்திரையோ, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையோ கிடைக்கும். பட்டையை ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். மூன்று நாள் தாங்கும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்பாப்பா விரிந்து பார்வை மங்கும். நாக்கு வறளும். கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ இருப்பவர்களுக்கு இது ஆகாது. உன் வயதில் டாக்டரைக் கேட்காமல் ஒட்டாதே.

இந்த இரண்டு நாளில் ஒருநாள் எல்லாரையும் துணிமணியோடு வரிசையில் நிறுத்துவார்கள். ஜாக்கெட் பை, வெல்க்ரோ, தோள்பையின் தையல், கேமரா முக்காலியின் கால் என்று எல்லாவற்றிலும் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி, ஊசியால் விதைகளை நோண்டி எடுப்பார்கள். உனக்கு இது அதீதமாகத் தெரியும். போவா அன்னுவா என்கிற சாதாரணப் புல், கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டு ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தைச் சுற்றி 1980-களில் முளைத்தது. இன்றுவரை அதை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்தது மனிதர்களோடுதான்.

பூட்ஸ் கழுவுவது இன்னொரு தலைவலி. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் உண்டு. விர்கான் என்கிற ரோஸ் நிறப் பொடியை லிட்டருக்கு பத்து கிராம் கரைத்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். அதில் காலை நனைத்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பென்குவின் எச்சம் ஒட்டியிருந்தால் மருந்து அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். அதனால் முதலில் பிரஷ்ஷால் அடிப்பாகத்தின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகுதான் மருந்தில் நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும், அடுத்த பிப்ரவரியில் அண்டார்டிகத் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையைத் தரையில் வைப்பது எதுவும் கூடாது. பூட்ஸைக் கழுவிவிடலாம், பேன்ட்டின் பின்பக்கத்தை யார் கழுவுவது? பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். அது உன்னை நோக்கி வந்தால் அசையாமல் இரு, வழியில் முதல் உரிமை அதற்குத்தான்.

இனி தங்கச்சியின் முழங்கால். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி ரப்பர் படகில் ஏறுவதுதான் முழுப் பயணத்திலும் சிரமமான காரியம். படகு ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், ஓட்டுபவரைத் தவிர பத்துப் பேர். கடல் அமைதியாக இருந்தாலும் அது ஏணிக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஏணியின் கடைசிப் படியில் நின்றால், படகில் இருப்பவர் உன் முன்கையைப் பிடிப்பார். நீயும் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும், உள்ளங்கையை அல்ல. ஈரக் கையுறை உருவிக்கொண்டு வந்துவிடும். முன்கையோடு முன்கை என்றால் ஒருவர் பிடி விட்டாலும் மற்றவர் பிடி நிற்கும். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்கும்போது 'இப்போது' என்பார்கள். அப்போது ஒரு கால் ரப்பர் விளிம்பில், அடுத்தது உள்ளே இருக்கும் பெட்டியில், மூன்றாவது தரையில். உடனே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து போக வேண்டும். அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே தாவுவதும், கால் வைத்த பிறகு தயங்கி நிற்பதும்தான் தவறிப் போகிற இரண்டு வழிகள்.

தங்கச்சி கைப்பிடி உள்ள மாடிப்படியில் ஒற்றைக் காலை ஊன்றி மறு காலைத் தூக்கி வைக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் போதும், தாராளமாகக் கூட்டிப் போ. இப்போதே தினமும் உட்கார்ந்து எழும் பயிற்சி ஆரம்பிக்கச் சொல். கரையில் இறங்கும்போது தண்ணீர் முழங்கால் வரை வரும். விளிம்பில் உட்கார்ந்து கால்களை வெளியே போட்டு, அலை போனதும் இறங்கலாம், அது எளிது. முடியாத நாளில் படகுச் சுற்றலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பனிப்பாறைகளுக்கு நடுவே படகில் சுற்றுவதுதான் கரையைவிட மேல்.

லைஃப் ஜாக்கெட்டை எல்லாத் துணிக்கும் மேலே போட வேண்டும். அதன் உள்ளே கார்பன் டை ஆக்சைடு குப்பி இருக்கிறது; தண்ணீர் பட்டால் தானாக உடைந்து ஊதும். ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டியிருந்தால் ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். அந்தத் தண்ணீர் சைபர் டிகிரி பக்கம். விழுந்தால் முதல் நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது, சுமார் பத்து நிமிடத்தில் கைகால் சொன்ன பேச்சுக் கேட்காது. ஆளை மிதக்க வைப்பது அந்தக் காற்றுப்பைதான்.

படகோட்டி அடிக்கடி பின்னால் திரும்பி இஞ்சினைப் பார்ப்பார். இஞ்சின் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீறிட்டுக்கொண்டே இருக்கும், குளிர்விக்கும் தண்ணீர் ஓடுவதற்கு அடையாளம். கூழ்ப்பனிக்குள் போனால் உறிஞ்சும் வாயில் பனி அடைத்துத் தாரை நின்றுவிடும். உடனே இஞ்சினை நிறுத்தி, தூக்கி, பனியைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். பெரிய கட்டிகள் அடியில் போகும்போது கியரை நடுவில் வைத்து மிதக்க விடுவார்கள், ப்ரொப்பெல்லர் தப்பும். பெரிய கப்பலுக்கும் இதே வியாதிதான். அடியில் கடல்நீர் எடுக்கும் அறையில் கூழ்ப்பனி நிரம்பினால் இஞ்சின் குளிர்ச்சியும் நன்னீர் தயாரிப்பும் சேர்ந்து சிக்கலாகும். இஞ்சினிலிருந்து வரும் வெந்நீரை அந்த அறைக்கே திருப்பிவிட்டு உருக வைப்பார்கள்.

நன்னீர் எல்லாம் கடல்நீரிலிருந்து செய்வதுதான், அதனால் குளியலைச் சுருக்கமாக வைத்துக்கொள். கழிவறை வாக்குவம் வகை. அவர்கள் கொடுத்த காகிதத்தைத் தவிர ஈரத்துடைப்பான், பஞ்சு எது போட்டாலும் உன் அறை மட்டுமல்ல, அந்தக் குழாய் வரிசையில் உள்ள அத்தனை அறைக்கும் நின்றுபோகும். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்தும் பனித்திட்டிலிருந்தும் 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது. தீபகற்பத்தின் கால்வாய்களில் அவ்வளவு தூரம் கிடைக்காது, தொட்டியில் தேக்கி வைத்துக்கொண்டுதான் திரிய வேண்டும். உணவுக் கழிவுக்கும் அதே தூரம், அதுவும் 25 மில்லிமீட்டருக்குள் அரைத்த பிறகு. கரைக்குச் சாப்பாடே எடுத்துப் போகக் கூடாது, கோழி, முட்டை பறவை நோயைக் கொண்டுபோய்விடும். கரையில் ஒன்றுக்குப் போகவும் தடை, காபியைக் குறைத்துக்கொண்டு இறங்கு. பச்சைக் கீரை வகையெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்து, முட்டைகோஸும் கேரட்டும் ஆப்பிளும்தான் கடைசி வரை வரும்.

பயணத் திட்டத்தில் அச்சடித்திருக்கும் இடங்களை மனப்பாடம் செய்யாதே. ஓர் இடத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல்தான், சீசனுக்கு முன்பே நேரம் பதிந்து வைத்திருப்பார்கள். ஆனால் காற்றின் வேகம் மணிக்கு 25, 30 கடல் மைலைத் தாண்டினால் படகு விட முடியாது. பனியாற்றின் மேலிருந்து காற்று சட்டென்று சரிந்து இறங்கும்போது பத்து நிமிடத்தில் கடல் மாறிவிடும். அதனால்தான் முதல் படகில் பயணிகளுக்கு முன்னால் கூடாரம், உறங்குபை, உணவு அடங்கிய பீப்பாய்கள் கரைக்குப் போகும், திரும்ப முடியாமல் போனால் அங்கேயே தங்கத்தான். நெக்கோ துறையில் இறங்கினால் கரையோரத்தில் நிற்காமல் மேட்டுக்கு நடந்துவிடு, எதிரே பனியாறு உடைந்து விழுந்தால் அலை கடற்கரையை வாரிக்கொண்டு போகும்.

கப்பலை விட்டு இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையை ஸ்கேன் செய்வார்கள். சில கப்பல்களில் எண் போட்ட வில்லையைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு வில்லை திரும்பாமல் இருந்தால் கப்பல் நகராது. அந்த ஆள் பெரும்பாலும் கேபினில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், கேப்டனுக்கு அது எப்படித் தெரியும்?

கடலில் குதிக்கும் விளையாட்டு ஒருநாள் வைப்பார்கள், இடுப்பில் கயிறு கட்டி. எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. இருதய மாத்திரை சாப்பிடுகிறவன் நீ, வேடிக்கை மட்டும் பார்.

கப்பலில் ஒரே டாக்டர்தான். அறுவை சிகிச்சை என்றால் கிங் ஜார்ஜ் தீவுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் சிலியின் புன்டா அரெனாஸுக்கு. மூடுபனி இருந்தால் விமானம் வராது. அதனால் மருத்துவ வெளியேற்றத்துக்கு என்று தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறாயா என்று பாலிசியை எடுத்துப் படி. 'உலகம் முழுவதும்' என்று போட்டிருந்தால் அண்டார்டிகா அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

கேபின் இன்னும் ஒதுக்கவில்லை என்றால் நடுப்பகுதியில், கீழ்த்தளம் கேள். மேல்தளத்தில் காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் அதிகம். முன்பக்கம் வேண்டவே வேண்டாம், அலை அறைவதும் நங்கூரச் சங்கிலியும் தூங்கவிடாது. பூட்ஸ் கப்பலிலேயே தருவார்கள் என்றால் இருவரின் கால் அளவையும் தடித்த காலுறையோடு அளந்து அனுப்பு. இறுக்கமான பூட்ஸில் காலுறை இரண்டு போட்டால் கால் இன்னும் சில்லிடும். மாதம் எது என்று நீ எழுதவே இல்லை. நவம்பரென்றால் பனி புதிதாக இருக்கும், ஜனவரியில் குஞ்சுகள், பிப்ரவரி மார்ச்சில் திமிங்கிலம். அதைச் சொன்னால் துணி விஷயமாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்